அடுக்களையில் நின்ற தண்ணீர்

ஒரு ஆனி மாதத்தில் என் வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு பாறையில் கால் வைத்தேன். பாசி. அதற்குமேல் நினைவில்லை. புளியறையில் எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பத்தெட்டு நாள் அசையக் கூடாது என்றார். நானும் அசையவில்லை. கட்டை அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கால் மடங்க மாட்டேன் என்றது. அவர் நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கடைசியில் என்னையே குறை சொன்னார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மகளுக்கு மூன்று. யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடம் முந்தைய காலம்.

நிற்க முடியும், நடக்க முடியும். குத்துக்காலிட்டு உட்காரத்தான் முடியாது. இதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குப் படிப்பவர்கள் கேட்கலாம். அன்று தென்காசியில் எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை செய்ய வேண்டிய வேலை எல்லாமே தரையில்தான் கிடந்தது. அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மணை தரையில். வீட்டு ஆட்களோடு வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துப் பத்துப் பேருக்குச் சோறு பொங்க வேண்டும். பத்துப் பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொல்லையில் கல்லின்மேல் வைத்து, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்க்க வேண்டும்.

கொத்தனாரைக் கூப்பிட்டு அடுப்பை இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டித் தூக்கினோம். அம்மியையும் தூக்கி ஒரு கல்தூண்மேல் உட்கார வைத்தார். பாத்திரம் மட்டும் மிஞ்சியது. கொல்லையிலும் ஒரு மேடை கட்டலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் மூன்று மாதம் சாரல். கொல்லை முழுக்கச் சேறு. மடங்காத காலோடு இரண்டு கையிலும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்தால் அடுத்த காலும் போய்விடும். ஆகவே பாத்திரம் தேய்க்கிற வேலை என் மாமியாரின் தலையில் விழுந்தது.

அத்தைக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மழையில் நனைந்துகொண்டு அவர்கள் தேய்ப்பதை அடுக்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நான் சும்மா நிற்பேன். அவர்கள் முனகினால் எனக்குக் கோபம் வரும், முனகாவிட்டால் அதைவிட அதிகமாக வரும். எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான். குற்றம் என் பேரில் இருக்கும்போது இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

தை மாதம் ஒருநாள் காலையில் அத்தை அந்தப் பேச்சை எடுத்தார்கள். சுற்றி வளைக்கவில்லை. நான் அடுப்பருகே நிற்கிறேன், என் கணவர் நீராகாரம் குடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நின்றுகொண்டே சொன்னார்கள்.

"பாவூர்சத்திரத்துலேர்ந்து எந்தம்பி வந்துட்டுப் போனாம்லா, அவன் மகளுக்கு வயசு பதினெட்டு ஆவுது. முறைப்பொண்ணு. ஆவணியில இவனுக்கு முடிச்சிரலாம்னு இருக்கேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. இவருக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே, நான்தான் இங்கே நிற்கிறேனே என்று நினைத்தேன். அத்தை என்னைப் பார்த்தார்கள்.

"ஒன்னய யாரும் போவச் சொல்லல. நீ பாட்டுக்கு இரு. ஒம் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. வேலைக்கு ஒருத்தி வேணும்லாட்டி. எனக்கு முடியல."

அதட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். கெஞ்சுவது போலச் சொன்னார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் செம்பைத் தூக்கி மிச்சத்தையும் குடித்தார், வாயைத் துடைத்தார், மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சு குறைந்த மனிதர் என்பது தெரியும். ஆனாலும் அன்று அந்த வாய் திறக்காததை நான் மன்னிக்கவில்லை.

அவருக்குக் குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவில் காவல் வேலை. சென்னைப்பட்டணத்து வக்கீல் ஒருவருடைய பங்களா. வருடத்தில் இரண்டு மாதம் குடும்பத்தோடு வந்து அருவியில் குளித்துவிட்டுப் போவார்கள். மீதி மாதமெல்லாம் குரங்கு ஓடு பிரிக்காமல் பார்த்துக்கொள்வது, வெள்ளையடிப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் இவர் பொறுப்பு.

பங்குனி கடைசியில் ஒருநாள் மத்தியானம் இவர் தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் ஒரு வெள்ளைத் தொட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு வண்டியில் மர அலமாரி வந்தது. மேற்பலகையில் தொட்டி உட்காரச் சதுரமாக ஓட்டை வெட்டியிருந்தது. கீழே இரண்டு கதவு. உள்ளே சாக்கில் சுற்றிய ஈயக் குழாய்கள்.

"பங்களாவுல புதுசு மாத்துதாவ. பழச எடுத்துக்கிடச் சொன்னாவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பீங்கான் பூசிய இரும்புத் தொட்டி. ஒரு மூலையில் பீங்கான் உதிர்ந்து கறுப்பாக இருந்தது. இதற்கு சிங்க் என்று பெயர் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் அல்லவா, புத்தகப் படத்தில் பார்த்திருக்கிறேன். அலமாரியின் முன்னால் போய் நின்றேன். மேற்பலகை சரியாக என் இடுப்புக்கு இருந்தது. தொட்டியை ஓட்டையில் வைத்துக் காட்டச் சொல்லி, கையை நீட்டி அதன் அடியைத் தொட்டேன். குனிய வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கொத்தனார் வந்தார். அடுக்களையின் மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியை நிறுத்தினார். சுவரில் துளை போட்டுக் குழாயை வெளியே விட்டால் பின்சந்துச் சாக்கடை, வேலை சுலபம். தொட்டியை ஓட்டையில் இறக்கி, விளிம்பைச் சுற்றி எண்ணெயில் குழைத்த சுண்ணாம்பை அப்பினார். பிறகு சாக்கைப் பிரித்துக் குழாய்களைப் பரப்பினார். அவர் குற்றாலத்துப் பங்களாக்களில் சுவர் வைத்தவர்தான், குழாய் மாட்டியதில்லை. அதைச் சொல்ல அவருக்கு மனமில்லை.

குழாய்களில் ஒன்று விசித்திரமாக இருந்தது. மேலேயிருந்து இறங்கி, வளைந்து மறுபடி மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் போயிற்று. தொட்டிலில் தொங்குகிற சேலையின் அடிப்பகுதி போன்ற வளைவு. வளைவின் அடியில் ஒரு பித்தளைத் திருகு. கொத்தனார் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குன்னு தெரியல. இந்தப் பள்ளத்துல தண்ணி நின்னுக்கிடும் ஆச்சி" என்றார் அத்தையிடம்.

"என்ன தண்ணி?"

"கழுவுத தண்ணிதான். எல்லாம் போனாலும் இதுல கொஞ்சம் எப்பவும் கெடக்கும்."

அத்தையின் முகம் மாறிவிட்டது. "எச்சித் தண்ணியா? என் அடுக்களைக்குள்ளயா?"

எங்கள் வீட்டில் எச்சில் என்பது விளையாட்டு இல்லை. சாப்பிட்ட இலையை எடுத்த கையால் தண்ணீர்க் குடத்தைத் தொட முடியாது. எச்சில் பாத்திரம் அடுக்களை வாசலைத் தாண்டி உள்ளே வராது. அதை உள்ளே கொண்டுவந்து கழுவ அத்தை சம்மதித்ததே எனக்கு ஆச்சரியம். கழுவிய தண்ணீர் விழுந்ததும் வெளியே ஓடிவிடும் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தோம். இப்போது அடுப்புக்கு நாலு முழம் தள்ளி இராவும் பகலும் எச்சில் தண்ணீர் குடியிருக்கும் என்றால்?

"அத வெளிய எறிங்க. நேரா ஒரு குழாயப் போடுங்க. விழுந்த தண்ணி விழுந்த கையோட வெளிய போவணும்."

நான் அத்தை பக்கம்தான் பேசினேன். இதை மறைக்க மாட்டேன். எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. கொத்தனாருக்கோ பெரிய நிம்மதி, நேர்க்குழாய் மாட்டுவது எளிது. என் கணவர் மட்டும், "பங்களாவுல அப்படித்தான இருந்துச்சு" என்று மெல்லச் சொன்னார். "அவாளுக்கு எச்சியும் கிடையாது தீட்டும் கிடையாது" என்று அத்தை அவர் வாயை அடைத்துவிட்டார்கள். வளைகுழாய் மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போய் விழுந்தது.

கொத்தனார் நூல் பிடித்தாற்போல் சரிவாக ஒரு குழாயைப் பொருத்தினார். மூட்டுகளில் சணலைச் சுற்றி வெள்ளைப் பசையைத் தடவி இறுக்கினார். ஒரு புளியங்கொட்டையைத் தொட்டியில் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பின்சந்துக்கு ஓடினார். "வந்துட்டு! வந்துட்டு!" என்று அவர் அங்கிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ஒழுகுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். குனிந்து உற்றுப் பார்க்க முடியாதவள் வேறென்ன செய்வது? அலமாரிக்குள் மூட்டுகளுக்கு நேர் கீழே உலர்ந்த சாம்பலைப் பரப்பச் சொன்னேன். ஒரு சொட்டு விழுந்தாலும் சாம்பலில் குழி தெரியும். மூன்று நாள் பார்த்தேன், குழியே இல்லை. சித்திரையும் வைகாசியும் நான் நின்றுகொண்டே பாத்திரம் தேய்த்தேன். பத்துப் பேர் பாத்திரத்தையும் நானே தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். அத்தையின் சேற்றுப்புண் ஆறத் தொடங்கியது. ஆவணிப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆனி பிறந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கியது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சாரல் காலத்தில் அது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மேற்கே இருந்து வீசிக்கொண்டே இருக்கும், துணி காயப் போட்டால் கொடியோடு பிடுங்கும். எங்கள் குழாயின் வாய் மேற்கே பார்த்துத் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே சந்துச் சாக்கடை, நாலைந்து தொழுவத்து மூத்திரமும் அதில்தான் சேருகிறது.

முதல்நாள் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பானைகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். இரண்டாம் நாள் அலமாரிக் கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்கியது. மூன்றாம் நாள் கதவை மூடினாலும் நின்றபாடில்லை. நேர்க்குழாய் அல்லவா, சந்துக் காற்று நேராக வந்து தொட்டியின் ஓட்டை வழியே மேலே ஏறியது. குழம்பில் நாற்றம், சோற்றில் நாற்றம். துணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தேன். தண்ணீர் விடும்போதெல்லாம் அதை எடுக்க வேண்டும், எடுத்த துணியோ சாக்கடையை விட மோசமாக நாறும். ஒருநாள் ஓட்டை வழியாக ஒரு பூரான் ஏறி வந்து மாவுச் சட்டியின் விளிம்பில் நின்றது. அன்று வயலாட்கள் இரண்டு பேர் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அத்தை கத்தவில்லை. பழைய கல்லின் பக்கத்தில் சாம்பல் சட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். நனைந்துகொண்டே தேய்க்க உட்கார்ந்தார்கள்.

"ஆடி போவட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துல எந்தம்பிய வரச் சொல்லிட்டேன்" என்றார்கள். "அந்தச் சனியனையும் பிடுங்கி எறிஞ்சிருங்க."

அன்று இரண்டு கையும் மாவாக நின்றுகொண்டு நான் அழுதேன். கோபத்தில் அழுவது எனக்குப் பழக்கம். இது பயம். இன்னொருத்தி இந்த அடுப்படியில் உட்கார்ந்து எழுந்து வேலை செய்ய, நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன் என்ற பயம். என் மகள் அவளை என்னவென்று கூப்பிடுவாள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

என் கணவர் அலமாரியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு, "இதே தொட்டிதான் அங்கன இருந்துச்சு. அங்கயும் வெளிய சாக்கடைதான், அதே காத்துதான். ஒருநாளும் நாறலையே" என்றார்.

என் அழுகை நின்றுவிட்டது. "இப்ப அங்கன இருக்க புதுசு?"

"அதுவும் நாறல."

"என்னய வண்டியில கூட்டிட்டுப் போங்க. நான் பாக்கணும்."

பங்களாவில் வக்கீல் குடும்பம் வர இன்னும் பத்து நாள் இருந்தது. எல்லா இடத்தையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். சமையலறையில் புதுத் தொட்டி பளபளவென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே காற்று பேயாக வீசியது. கீழே சாக்கடையும் ஓடியது. தொட்டியின் ஓட்டையருகே மூக்கை வைத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. கீழே அலமாரியைத் திறக்கச் சொன்னேன். அதே வளைவு. நாங்கள் தொழுவத்தில் எறிந்த அதே மாதிரி வளைவு, அடியில் அதே பித்தளைத் திருகு.

"அதக் கழத்துங்க" என்றேன்.

"எதுக்கு?"

"உள்ள என்ன நிக்குன்னு பாக்கணும்."

இவர் வாளியைக் கீழே வைத்து, குறடால் திருகைக் கழற்றினார். தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. ஒரு செம்பு இருக்கும். நான் வாளியை வெளிச்சத்துக்குத் தூக்கச் சொன்னேன். கறுப்பாக, பருக்கையோடு இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கைவிட்டுப் பார்த்தேன், பிசுக்கில்லை. இது எப்படி என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே குப்பென்று அடித்தது. எங்கள் வீட்டு நாற்றம். அந்தப் பளபளப்பான தொட்டியின் ஓட்டை வழியாக, வளைவு காலியான கையோடு, மேலே வந்துவிட்டது.

"மூடுங்க! மூடிட்டுத் தண்ணி ஊத்துங்க!"

மூடினார், ஊற்றினார். நாற்றம் கத்தரித்தாற்போல் நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒன்று புரிந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அங்கே நிற்கிற தண்ணீர்தான் கதவு. அத்தையும் நானும் சேர்ந்து எங்கள் வீட்டுக் கதவைப் பிடுங்கித் தொழுவத்தில் போட்டிருந்தோம்.

"கதவு இல்லாம வீடு கெட்டியா இருக்குமா?" என்று நான் வண்டியில் வரும்போது சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "அம்மா ஒத்துக்கிட மாட்டா. எச்சித் தண்ணி எச்சித் தண்ணிதான்" என்றார்.

நான் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வாளித் தண்ணீர் ஏன் தெளிவாக இருந்தது? கழுவித் துடைக்கிறவர்கள் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பின்னால் வந்த தண்ணீர் முன்னால் நின்றதைத் தள்ளிவிட்டது. அப்படியானால் வளைவில் நிற்பது எச்சில் தண்ணீர் இல்லை, கடைசியாக எதை ஊற்றுகிறோமோ அது. வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் நேராகப் போய் இதைச் சொன்னேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். "நீ சொல்லுதே. நான் எப்படி நம்ப?"

"நீங்களே பாருங்க அத்தை. கண்ணால பாத்து நம்புங்க."

தொழுவத்திலிருந்து வளைகுழாயை எடுத்துக் கழுவி, சாணி போக வெந்நீர் ஊற்றி, இவர் மாட்டினார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. மூட்டு இரண்டு தடவை ஒழுகியது, சாம்பல் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் தடவை நின்றது. நின்ற அன்று அத்தை ஒரு காரியம் செய்தார்கள். அது எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு செம்பில் மஞ்சளைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார்கள். "இது எச்சித் தண்ணின்னு வச்சிக்கிடு" என்றார்கள். பிறகு நல்ல தண்ணீர் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, "கழத்துலே" என்றார்கள் மகனிடம். கொட்டிய தண்ணீர் மஞ்சளாகத்தான் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை மறுபடி மூடச் சொன்னார்கள். மறுபடி மஞ்சள். இந்தத் தடவை நல்ல தண்ணீர் இரண்டு செம்பு. வெளிறிய மஞ்சள். மறுபடி மஞ்சள், மூன்று செம்பு.

வாளியை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். குனிந்து பார்த்தார்கள். விரலை விட்டு வெள்ளைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பார்த்தார்கள். கறை இல்லை.

"மூணு செம்பு" என்றார்கள் அத்தை. "ஒண்ணு குறைஞ்சாலும் நான் சம்மதிக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டம். கழுவி முடித்ததும் மூன்று செம்பு நல்ல தண்ணீர். நான் இரண்டோடு நிறுத்தினேனா என்று அத்தை அடுத்த அறையிலிருந்தே சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். "ஏட்டி, ரெண்டுதான ஆச்சு!" என்று குரல் வரும். காதில் விழாததுபோல் ஒரு நாழிகை போக்குக் காட்டிவிட்டு மூன்றாவதை ஊற்றுவேன். மேல்காற்று அந்த ஆடி முழுக்க வீசியது. அடுக்களையில் புளிக்குழம்பு வாசனைதான் இருந்தது.

ஆனாலும் அத்தை தம்பிக்குச் சொல்லி அனுப்பியதைத் திருப்பி வாங்கவில்லை. ஆவணி பிறந்தது. முதல் வாரத்திலேயே அவர் வந்துவிட்டார். வெற்றிலை, பழம், பூ எல்லாம் தாம்பாளத்தில். நான் அடுப்படியில் நின்றுகொண்டு பருப்பைக் கடைந்தேன். என் கணவர் அன்றைக்கென்று பங்களாவுக்குக் காலையிலேயே போய்விட்டார், வக்கீல் குடும்பம் இருக்கிறது என்று சாக்கு.

அத்தை தம்பியை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை அடுக்களைக்குள் வருவது வழக்கமில்லை. "இங்கன வாலே, ஒரு சங்கதி பாரு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தொட்டியைக் காட்டினார்கள், அலமாரியைத் திறந்து வளைவைக் காட்டினார்கள். மஞ்சள் கரைத்ததைத் தாமே கண்டுபிடித்த மாதிரி விவரித்தார்கள். அவர் அதை ரசிக்க வந்தவர் இல்லை.

"அதெல்லாம் சரி அக்கா. நம்ம விசயம்?"

அத்தை அலமாரிக் கதவைச் சாத்தினார்கள். என்னைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்டா. எம் மருமவ எல்லா வேலையும் பாக்கா. நீ ஒம் மகளுக்கு நல்ல இடமாப் பாரு. ரெண்டாந்தாரமா வந்து அவ எதுக்குக் கண்ணைக் கசக்கணும்?"

"வரச் சொன்னது நீதான?"

"நாந்தான் சொன்னேன். நாந்தான் வேண்டாங்கேன்."

அவர் காப்பிகூடக் குடிக்காமல் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவும் தம்பியும் நாலு வருடம் பேச்சில்லாமல் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மறுவருடமே பட்டாளத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் நன்றாக இருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குத் தம்பி அத்தையை அழைக்கவில்லை. கல்யாணத்தன்று மனசு ஆறாமல் அத்தை இரண்டு தடவை தாமே பாத்திரம் தேய்க்க வந்தார்கள், நான் விட்டுக்கொடுத்தேன்.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் உள்ளே கிடந்து உறுத்தியது. ஒரு வருடம் கழித்துத்தான் கேட்டேன். மூட்டில் சணல் இற்றுப்போய் மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது. மத்தியானம். சமையல் முடிந்துவிட்டது. என் கணவர் தரையில் மல்லாக்கப் படுத்து, தலையை அலமாரிக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். முகம் தெரியாததால் எனக்குக் கேட்க முடிந்தது.

"அத்தை வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீய?"

குறடு நின்றது.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்று அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

குறடு மறுபடி ஒரு சுற்றுத் திரும்பி நின்றது.

"அம்மா சொன்னா எனக்கு மறுபேச்சு வராது. ஒனக்குத் தெரியும். அந்தப் பேச்சே அத்துப் போவட்டும்னுதான் வக்கீல் கால்ல விழாத குறையா இந்தத் தொட்டியக் கேட்டு வாங்கியாந்தேன். அவாளா ஒண்ணும் தரல. வேற எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

யாரிடமும் ஒரு வெற்றிலைகூடக் கேட்டு வாங்காத மனிதர். அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. சரி என்று சொல்லியிருப்பேன் என்றதை நினைக்க அந்தக் குறடையே பிடுங்கி வீச வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. ஆக, அந்த வீட்டில் எனக்காக வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னது அத்தை ஒருத்திதான். அதற்குக் கூடப்பிறந்தவனையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடமாக நான் அதற்கு நன்றியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை. நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அது மாறியதில்லை. அன்று நான் நடுக்கூடத்தில் ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அத்தையைக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் ஒற்றை இலையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். "ஏட்டி, அவன் இன்னும் சாப்பிடலியே?"

"அவுக பொறவு சாப்பிடுவாக" என்றேன். "நீங்க உக்காருங்க அத்தை."